இடுப்பு மூட்டு மாற்றுக்குப் பின்: முதியவரை எழுப்பி நடத்தும் செவிலியம்

தொடை எலும்பின் மேல்முனையில் உருண்டையாகத் திரண்டிருக்கும் தலைப்பகுதி, இடுப்பெலும்பிலுள்ள குழியில் பொருந்திச் சுழலும் இடமே இடுப்பு மூட்டு எனப்படுகிறது. உடலின் எடையைத் தாங்கியபடியே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையக்கூடிய இந்த மூட்டில், எலும்புகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்துபோனாலோ, உருண்டையைத் தொடை எலும்போடு இணைக்கும் கழுத்துப் பகுதி முறிந்துபோனாலோ, அடுத்த அடி எடுத்து வைப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. பழுதான பகுதியை அகற்றிவிட்டு, உலோகத் தண்டும் உருண்டையும், அந்த உருண்டை சுழல்வதற்கு உறுதியான பிளாஸ்டிக்காலோ பீங்கானாலோ ஆன குழியும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்துவதே இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை.

இச்சிகிச்சைக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தவர், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. முதலில் டெஃப்லானால் ஆன குழிகளைப் பொருத்திப் பார்த்து, அவை சில ஆண்டுகளிலேயே தேய்ந்து உதிர்ந்ததைக் கண்டு கைவிட்ட அவர், 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் குழியையும், 22 மில்லிமீட்டர் விட்டமே கொண்ட சிறிய உலோக உருண்டையையும், பல் மருத்துவர்கள் பயன்படுத்திவந்த அக்ரிலிக் வகைச் சிமென்ட்டையும் ஒன்றிணைத்து வெற்றி கண்டார். 2007இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஒரு கட்டுரை இதனை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்றே சிறப்பித்தது. அந்தப் புகழ் பொருந்தும். எனினும் அது மூட்டுக்கு உரிய புகழ். எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவர் தம் வீட்டுக்குள் தாமே எழுந்து, தாமே கழிவறைக்குச் சென்று, தெருமுனை வரை நடந்து வரும் நிலைக்குத் திரும்புவாரா என்பது, ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் அறுவையைக் காட்டிலும், அதற்குப் பின்வரும் நாள்களில் அவரைச் சூழ்ந்திருப்போர் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் பொறுத்தே அமைகிறது. பெரியவரை அலுங்காமல் படுக்கவைத்து, கேட்பதையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து கொடுப்பதே பராமரிப்பு என்று தமிழ் வீடுகளில் வேரூன்றியுள்ள எண்ணம் அன்பிலிருந்து பிறந்ததுதான் என்றாலும், இந்த ஒரு சிகிச்சையைப் பொறுத்தவரை அதுவே மீட்சிக்கு முதல் தடையாக நிற்கிறது.

முதியவர்கள் இச்சிகிச்சைக்கு இரண்டு வழிகளில் வந்து சேர்கிறார்கள். மூட்டுத் தேய்மானத்தால் வருபவருக்கு நாள் குறிக்கவும், ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சீராக்கவும், தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளை முன்கூட்டியே கற்றுக்கொள்ளவும் அவகாசம் உண்டு. குளியலறையில் வழுக்கியோ, இரவில் கட்டிலிலிருந்து இறங்கும்போது தடுமாறியோ விழுந்து, தொடை எலும்பின் கழுத்தை முறித்துக்கொண்டு வருபவருக்கு அந்த அவகாசம் இல்லை. உருண்டைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் பெரும்பாலும் இந்தக் கழுத்தை ஒட்டியே செல்வதால், முறிந்த முனைகள் விலகும்போது அவையும் அறுபட்டு, உருண்டை உயிரிழந்து போகக்கூடும். அதனால்தான் வயது முதிர்ந்தவர்களுக்கு முறிவை ஒட்டவைக்க முயலாமல், உருண்டையை மட்டுமோ, குழியையும் சேர்த்தோ மாற்றிவிடுகின்றனர். ஆந்திராவின் புத்தூரிலிருந்து தமிழகமெங்கும் பரவிய கட்டு மருத்துவத்தில் பல குடும்பங்களுக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருக்கிறது. கை எலும்பு முறிவுகள் சிலவற்றுக்கு அசையாமல் கட்டிவைப்பதே போதுமானதாக அமைந்துவிடுவதால் அந்த நம்பிக்கை வளர்ந்திருக்கலாம். ஆனால் விலகி முறிந்த தொடைக் கழுத்துக்கு எந்தக் கட்டும் அறுபட்ட ரத்த ஓட்டத்தை மீட்டுத் தருவதில்லை. உடல்நிலை இடங்கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் அறுவையை முடிப்பதே நல்லது என்று உலகெங்கும் ஏற்கப்பட்டிருக்கும்போது, கட்டுப் போட்டு வாரக்கணக்கில் படுக்கவைத்துவிட்டு, பின்னர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் முதியவர், முறிவோடு சேர்த்து நுரையீரல் சளி, படுக்கைப் புண், தசை இழப்பு ஆகியவற்றையும் சுமந்துகொண்டே வருகிறார். இடுப்பு முறிந்த முதியோரில் ஐவரில் ஒருவரோ, அதற்கும் மேற்பட்டவரோ ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாடுகளின் கணக்குகள் காட்டுகின்றன. அவர்களுள் பெரும்பாலோரின் உயிரைப் பறிப்பது முறிந்த எலும்பன்று, முறிவையும் படுக்கையையும் தொடர்ந்து வரும் நிமோனியாவும் இதயக் கோளாறும் ரத்தக்கட்டியும் தொற்றுமே.

படுக்கை முதிய உடலுக்குச் செய்யும் கேடு பலரும் நினைப்பதைவிட விரைவானது. உடல்நலமுள்ள முதியோர் சிலரைப் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு, 2007இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்திருந்தனர். நோயோ அறுவையோ இல்லாதவர்களுக்கே இந்த நிலை என்றால், வலியோடும் பசியின்மையோடும் படுத்திருப்பவரின் இழப்பை எண்ணிப் பார்க்கலாம். மல்லாந்து கிடக்கும்போது நுரையீரலின் அடிப்பகுதி முழுமையாக விரியாமல் அங்கே சளி தேங்குகிறது. கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரியாததால் சிரைகளில் ரத்தம் மந்தமாகி உறைகிறது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் உடலின் பழக்கமும் சில நாள்களிலேயே தளர்ந்துவிடுகிறது. சார்ன்லியின் காலத்தில் நோயாளிகள் வாரக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்கினர். அந்த வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்திய டென்மார்க் அறுவை வல்லுநர் ஹென்ரிக் கேலெட், வலியைச் சரியாகக் கட்டுப்படுத்தி, விரைவில் உணவு கொடுத்து, அன்றே எழுப்பி நடக்கவைத்தால் சிக்கல்கள் குறையும் என்ற முறையை 1990களில் வகுத்தார். இன்று அறுவை நடந்த அன்று மாலையோ மறுநாள் காலையோ நோயாளி கட்டிலை விட்டு இறங்குவதே நல்ல மருத்துவமனைகளின் வழக்கம்.

அந்த முதல் இறக்கத்தை அருகிருந்து பார்த்தால், செவிலியம் என்பது எத்தனை நுட்பமான அறிவு என்பது விளங்கும். செவிலியர் முதலில் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறார். கட்டுப் போட்ட இடத்தில் ரத்தக் கசிவு உண்டா என்று கவனிக்கிறார். பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி, நரம்பு பாதிக்கப்படவில்லை என்பதை உறுதிசெய்துகொள்கிறார். வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரமாவது கடந்திருக்கிறதா என்றும் கணக்கிடுகிறார். பிறகு கட்டிலின் தலைப்பக்கத்தை மெல்ல உயர்த்திச் சில நிமிடங்கள் சாய்ந்திருக்கச் செய்து, தலைசுற்றல் இல்லை என்றான பின்பே, இரண்டு கால்களையும் ஒருசேரப் பக்கவாட்டில் நகர்த்திக் கட்டில் ஓரத்தில் அமர்த்துகிறார். இங்கே பொறுமை வேண்டும். முதியவரின் முகம் வெளிறுகிறதா, நெற்றியில் வியர்வை அரும்புகிறதா, பேச்சு தடுமாறுகிறதா என்று பார்த்தபடியே காத்திருந்து, ரத்த அழுத்தத்தை மறுபடி அளந்து, வழுக்காத செருப்பை அணிவித்து, நான்கு கால்களுள்ள வாக்கரை முன்னால் நிறுத்துகிறார். வாக்கரைப் பற்றி இழுத்து எழுந்தால் அது கவிழ்ந்துவிடும் என்பதால், கட்டிலையோ நாற்காலியின் கைப்பிடியையோ ஊன்றி எழுந்த பிறகுதான் கைகள் வாக்கருக்கு மாற வேண்டும். அதன்பின் வாக்கர், அறுவை நடந்த கால், நல்ல கால் என்ற வரிசையில் இரண்டு மூன்று அடிகள். சிமென்ட் வைத்துப் பொருத்திய மூட்டாக இருந்தால் பெரும்பாலும் முழு எடையையும் ஊன்றலாம் என்றாலும், அதை முடிவு செய்ய வேண்டியவர் அறுவை செய்த மருத்துவரே. கட்டிலிலிருந்து பக்கத்து நாற்காலி வரையிலான அந்தச் சிறு தொலைவைக் கடந்து முக்கால் மணி நேரம் அமர்ந்திருப்பது, நுரையீரலுக்கும் குடலுக்கும் மனத்துக்கும் ஒருசேரச் செய்யப்படும் மருத்துவமாகும்.

வலி அடங்காமல் யாரும் நடக்க மாட்டார்கள். ஆனால் முதியோர், குறிப்பாகப் பெண்கள், வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘வலிக்கிறதா’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்பார்கள், புரளச் சொன்னால் பல்லைக் கடிப்பார்கள். ஆகவே, அசையும்போது எவ்வளவு வலி என்று கேட்டு, பூஜ்யம் முதல் பத்து வரையிலான எண்ணாகக் குறித்துவைப்பதும், பேச இயலாதவரிடம் முகச்சுளிப்பையும் முனகலையும் கொண்டு கணிப்பதும் செவிலியரின் அன்றாடப் பணியாக உள்ளன. வலி வந்தபின் கொடுப்பதைவிட, பாரசிட்டமாலை மருத்துவர் குறித்த அளவில் நேரம் தவறாமல் கொடுத்துவருவது நல்ல பலன் தரும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வேறு வலி மாத்திரைகள் பலவும் முதியோரின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கக் கூடியவை. ஓபியம் வகை மருந்துகளோ வலியை அடக்கினாலும் மயக்கத்தையும் மலச்சிக்கலையும் கொண்டுவருபவை. இவற்றுக்கிடையே அளவு பார்த்து நடக்க வேண்டியிருப்பதால், வீட்டாராகவே மாத்திரையைக் கூட்டுவதும் நிறுத்துவதும் ஆபத்தானது.

அறுவைக்குப் பிந்தைய நாள்களில் குடும்பத்தாரை மிகுதியாகக் கலங்கவைப்பது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். காலையில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர், பொழுது சாயும் வேளையில் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை மறந்து, இறந்துபோன தம்பியைக் கூப்பிட்டு, கையில் ஏறும் சலைன் குழாயைப் பிடுங்கி எறிந்து, ஊருக்குப் போக வேண்டும் என்று கட்டிலிலிருந்து இறங்க முயல்வார். இதைப் பார்க்கும் உறவினர்கள் புத்தி பேதலித்துவிட்டது என்றோ, மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது என்றோ, ஏதோ காற்று கருப்பு அண்டிவிட்டது என்றோ அஞ்சுகிறார்கள். உண்மையில் இது மூளையின் நிலையான நோயன்று. உடலில் எங்கோ நேர்ந்திருக்கும் கோளாற்றை மூளை வெளிக்காட்டும் விதம். சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல், ரத்தத்தில் சோடியம் குறைதல், அடங்காத வலி, பல நாள் கழியாத மலம், தூக்கமின்மை, புதிதாகச் சேர்ந்த ஒரு மருந்து என்று காரணத்தைத் தேடிச் சரிசெய்தால் பெரும்பாலோர் தெளிவடைகின்றனர். கூச்சலிடும் குழப்பத்தை எல்லாரும் கவனித்துவிடுகிறார்கள். பேசாமல் சோர்ந்து, அழைத்தால் அரைக்கண் திறந்து, கொடுத்த கஞ்சியை வாயிலேயே வைத்திருக்கும் அமைதியான குழப்பமும் உண்டு. ‘அம்மா நன்றாகத் தூங்குகிறார்’ என்று வீட்டார் ஆறுதலடைவதால் அது கவனிக்கப்படாமலே போய், கூடுதலான கேட்டை விளைவிக்கிறது.

இதைத் தடுப்பதற்கு விலையுயர்ந்த மருந்து ஏதும் தேவைப்படுவதில்லை என்பதே வியப்பு. அமெரிக்க முதியோர் மருத்துவ அறிஞர் ஷேரன் இனூயி தம் குழுவினரோடு மருத்துவமனை முதியோரிடையே நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், எளிய பராமரிப்பு முறைகளை ஒருங்கே கடைப்பிடித்ததாலேயே டெலிரியம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தது. கண்ணாடியையும் காதுக்கருவியையும் அறுவை முடிந்த கையோடு திருப்பிக் கொடுப்பது, பகலில் சன்னலைத் திறந்துவைத்து இரவில் விளக்கையும் பேச்சையும் குறைப்பது, கடிகாரமும் நாள்காட்டியும் கண்ணில் படும்படி வைப்பது, இன்ன நாள், இன்ன ஊர், இன்னார் வந்திருக்கிறார் என்று இயல்பாகச் சொல்லிக்கொண்டிருப்பது, தண்ணீர் கொடுப்பது, எழுப்பி நடக்கவைப்பது ஆகியவை அத்தகைய முறைகள். பொருள்கள் தொலைந்துவிடும் என்று கண்ணாடியையும் பல்செட்டையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடும் வழக்கம் நல்லெண்ணத்தால் வந்ததே. ஆனால் பார்க்கவும் கேட்கவும் மெல்லவும் இயலாமல் அறிமுகமற்ற அறையில் விடப்பட்டவரின் மனம் தடுமாறுவதில் வியப்பில்லை. குழம்பியவரின் கைகளைக் கட்டிலோடு கட்டிப்போடுவது பதற்றத்தைப் பெருக்கவே செய்யும். பழகிய ஒரு குரலும், தோளில் வைத்த கையும் அங்கே செய்யக்கூடியதைக் கயிறு செய்வதில்லை. தூக்க மாத்திரை வேண்டும் என்று உறவினர்களே வற்புறுத்துவதும் பல நேரங்களில் நிலைமையை மோசமாக்கிவிடுகிறது.

வெளிப்படையாகப் பேசப்படாத மற்றொரு சிக்கல் சிறுநீரும் மலமும் தொடர்பானது. எழுந்து போக முடியாத நிலையில், மருமகளையோ மகளையோ ஒவ்வொரு முறையும் பெட்பேன் வைக்கச் சொல்லக் கூசி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் மூதாட்டிகள் ஏராளம். அந்தக் கூச்சத்தின் விலை பெரிது: நீர் வற்றுகிறது, சிறுநீர்த் தொற்று ஏற்படுகிறது, மலம் இறுகுகிறது, குழப்பம் தொடங்குகிறது. வசதி கருதிச் சிறுநீர்க் குழாயை நாள்கணக்கில் அப்படியே விட்டுவைப்பதும், நடக்கக் கூடியவருக்கும் டயப்பரைக் கட்டிவிடுவதும் இதற்குத் தீர்வாகா. குழாய் தொற்றுக்கு வாசலாகிறது, டயப்பரின் ஈரத்தில் தோல் ஊறிப் புண்ணாகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக எழுந்து போக வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. அறுவைக்குப் பின் ஓரிரு நாள்களில் குழாயை எடுத்துவிட்டு, கேட்கும்வரை காத்திராமல் குறித்த நேரங்களில் தாமாகவே அழைத்துச் செல்வதும், திரைச்சீலையை இழுத்துவிட்டு, உடன் இருப்பவர் முகம் சுளிக்காமல் நிற்பதும் மருத்துவ மதிப்புள்ள செயல்கள். கழிவறைக்கான நடையே ஒரு நாளில் ஐந்தாறு முறை நிகழும் சிறந்த உடற்பயிற்சி என்பதை மறந்துவிடக் கூடாது.

வீடு திரும்பும் முன் செய்து முடிக்க வேண்டிய ஏற்பாடும் இங்கேதான் தொடங்குகிறது. குந்தி அமரும் கழிவறையில் இடுப்பு முழுவதுமாக மடங்குவதால், புதிய மூட்டின் உருண்டை குழியிலிருந்து நழுவி வெளியேறும் வாய்ப்பு உண்டு. இதுவே மூட்டு விலகல் எனப்படுகிறது. மூட்டைச் சுற்றியுள்ள தசையும் உறையும் முழுமையாக ஆறாத முதல் மூன்று மாதங்களில் இந்த ஆபத்து மிகுதி. பின்பக்கமாகத் திறந்து அறுவை செய்யப்பட்டவர்கள் இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்காமலும், காலைக் குறுக்கே மற்றொரு காலின்மேல் போடாமலும், பாதத்தை உட்புறமாகத் திருப்பாமலும் இருக்க வேண்டும் என்று சொல்லப்படுவது இதனால்தான். படுக்கும்போது இரு கால்களுக்கும் இடையே தலையணை வைப்பதும் இதே நோக்கத்துக்காகவே. முன்பக்கமாகத் திறந்து செய்த அறுவைக்கு விதிகள் வேறு. அண்மைக் காலத்தில் பல மருத்துவர்கள் இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தியும் வருகின்றனர். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன விதியைப் பின்பற்றாமல், தமக்கு எந்த வழியில் அறுவை நடந்தது, எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தமிழரின் அன்றாட வாழ்க்கை தரையோடு பின்னிப் பிணைந்தது என்பதால், மேலை நாட்டுக் கையேடுகள் சொல்லாத பல இடங்களில் இங்கே கவனம் தேவைப்படுகிறது. சம்மணமிட்டு உண்பது, அரிவாள்மனையின் முன் அமர்ந்து காய் நறுக்குவது, குனிந்து கோலமிடுவது, பூசையறையில் விழுந்து வணங்குவது, தொழுகையில் மண்டியிடுவது ஆகிய ஒவ்வொன்றும் இடுப்பை ஆழமாக மடக்கும் செயல்கள். இவற்றுக்கு மாற்றாக, உட்காரும்போது முழங்காலைவிட இடுப்பு சற்றே உயர்ந்திருக்கும்படியான, கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலி ஒன்று வீட்டில் வேண்டும். தாழ்வான சோபாவும் கயிற்றுக் கட்டிலும் உதவா. மேற்கத்திய கழிப்பறை இல்லாத வீட்டில், நடுவில் திறப்புள்ள கமோடு நாற்காலியை இருக்கும் கழிவறையின் மேலேயே வைத்துக்கொள்ளலாம். அதன் அருகில் சுவரில் ஒரு கைப்பிடியையும், குளிப்பதற்கு உயரமான பிளாஸ்டிக் நாற்காலியையும், வழியெங்கும் இரவு விளக்கையும் ஏற்பாடு செய்து, வாசல் மிதியடிகளையும் தரையில் ஓடும் மின்கம்பிகளையும் அகற்றிவிட வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் பயணத்துக்கு, குனிந்து மடங்கி ஏற வேண்டிய ஆட்டோவைக் காட்டிலும், முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்த கார் ஏற்றது; முதலில் இருக்கையில் அமர்ந்துகொண்டு, பிறகு இரு கால்களையும் ஒருசேர உள்ளே திருப்ப வேண்டும்.

படுத்திருக்கும் நேரங்களில் பின்னிடுப்பும் குதிகாலும் அழுத்தப்பட்டுப் படுக்கைப் புண் உண்டாகிறது. பின்னிடுப்பைப் பலரும் பார்க்கிறார்கள், குதிகாலை மறந்துவிடுகிறார்கள். கெண்டைக்காலுக்கு அடியில் மென்மையான தலையணை வைத்துக் குதிகால் மெத்தையைத் தொடாமல் மிதக்கும்படி செய்வதும், அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புத் திட்டு தென்படுகிறதா என்று நாள்தோறும் பார்ப்பதும் போதுமான தொடக்கம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு வலி தெரியாது என்பதால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

காலின் ஆழ்சிரைகளில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடுவது இச்சிகிச்சையின் அஞ்சத்தக்க சிக்கல். இதைத் தடுப்பதற்காக வயிற்றுத் தோலில் போடும் ஊசியோ, விழுங்கும் மாத்திரையோ தரப்படுகிறது. வீடு திரும்பிய பின்னும் அது 35 நாள்கள் வரை நீளக்கூடும் என்பதை அறியாமல், தையல் பிரித்தவுடன் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தாலோ, விடியும்வரை காத்திராமல் 108க்கு அழைக்க வேண்டும். காயத்தைப் பொறுத்தவரை, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தையல் பிரிக்கும்வரை அதை உலர்ந்த நிலையில் வைத்திருப்பதே முதன்மையானது. வலி குறையட்டும் என்று தைலம் தேய்ப்பதும், பச்சிலைப் பற்றுப் போடுவதும், காலை நீவிவிடுவதும் கூடவே கூடாது. காயம் சிவந்து சூடானாலும், நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அறுவை செய்த மருத்துவரிடமே காட்ட வேண்டும், ஏனெனில் செயற்கை மூட்டைத் தொற்றிய கிருமியைப் பின்னர் விரட்டுவது மிகக் கடினம்.

உணவு பற்றிய பழைய பத்தியங்கள் இந்த நோயாளிகளுக்கு நேர்மாறான கேட்டைச் செய்கின்றன. முட்டையும் மீனும் பருப்பும் புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் என்று அஞ்சி, இட்லியும் ரசஞ்சாதமும் அரிசிக் கஞ்சியுமே கொடுக்கப்படும்போது, காயம் ஆறவும் தசை மீளவும் வேண்டிய புரதம் உடலுக்குக் கிடைப்பதே இல்லை. இந்நிலையிலுள்ள முதியவருக்கு, சிறுநீரகக் கோளாறு இல்லாதவரை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 கிராம் அளவுக்காவது புரதம் தேவைப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், ஒரு தம்ளர் பாலில் அதே அளவும்தான் இருப்பதால், ஒரு வேளை மட்டும் நல்லுணவு கொடுத்து இந்த அளவை எட்ட இயலாது. கெட்டிப் பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் என்று மூன்று வேளைக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். மெல்ல முடியாதவருக்கு மசித்துக் கொடுக்கலாம். கீரையும் பழமும் போதிய நீரும் மலச்சிக்கலையும் தீர்க்கும்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும் கட்டத்தில் நிகழும் பிழை ஒன்று தெருவெங்கும் காணப்படுகிறது: அறுவை நடந்த பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடித்துக்கொள்வது. நோயுற்ற காலுக்குத் துணை அதே பக்கத்தில்தான் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இயற்பியல் வேறு விதமாகச் சொல்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில், உடலின் எடை மூட்டுக்கு உட்புறமாக இழுக்க, இடுப்பு சாயாதபடி வெளிப்புறத் தசைகள் எதிராக இழுத்துப் பிடிக்கின்றன. தராசின் குட்டைக் கையிலிருந்து இழுப்பதுபோல் இத்தசைகள் மிகுந்த விசையோடு இழுக்க வேண்டியிருப்பதால், எடையும் இழுவிசையும் சேர்ந்து மூட்டின்மேல் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு அழுத்தம் விழுகிறது. தடியை எதிர்க் கையில் ஊன்றும்போது, மூட்டிலிருந்து வெகு தொலைவில் கிடைக்கும் அந்தச் சிறிய தாங்கல், தசைகளின் வேலையைப் பெருமளவு குறைத்து, மூட்டின் சுமையையும் இறக்கிவிடுகிறது. படிகளில் ஏறும்போது நல்ல கால் முதலில் செல்ல வேண்டும்; இறங்கும்போது அறுவை நடந்த காலும் தடியும் முதலில் இறங்க வேண்டும்.

பெரும்பாலோர் ஆறு வாரங்களில் தடியோடு வீட்டுக்குள் இயல்பாக நடமாடவும், மூன்று மாதங்களில் பழைய வேலைகளில் பலவற்றைச் செய்யவும் தொடங்கிவிடுகின்றனர். தசை வலு ஓராண்டு வரை மெல்ல மெல்ல மீள்கிறது. முறிவால் அறுவை செய்துகொண்டவர்களின் மீட்சி இதைவிட மெதுவானது, சிலருக்கு முழுமையடையாததும்கூட. மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் பலரை நாற்காலியிலேயே முடக்கிவிடுகிறது. அந்த அச்சத்தைச் சோம்பல் என்று கடிந்துகொள்வதும், ‘நீங்கள் நடக்க வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று தேற்றுவதும் ஒரே விளைவையே தருகின்றன. ஒருவர் அருகில் நடந்துவர, தொலைவை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டுவதே அதற்கு மருந்து. இதற்கு ஆள் வேண்டும். பகலில் எல்லாரும் வேலைக்குச் சென்றுவிடும் வீடுகளில் இந்தச் சுமை பெரும்பாலும் ஒரே ஒரு பெண்ணின்மேல், பல வேளைகளில் தாமே மூட்டுவலியோடு இருக்கும் வயதான மனைவியின்மேல் விழுகிறது. பணம் கொடுத்து அமர்த்தப்படும் ‘ஹோம் நர்ஸ்’ பலரும் செவிலியர் படிப்புப் படித்தவர்கள் அல்லர் என்பதால், எப்படி எழுப்புவது, எப்படிப் புரட்டுவது என்பதை மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே செவிலியர் அவர்களுக்கும் வீட்டாருக்கும் செய்துகாட்ட வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிவரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கியுள்ளது. வெளியே செல்ல இயலாத முதியவர் உள்ள குடும்பங்கள் தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

எலும்பு மருத்துவரும் முதியோர் மருத்துவரும் ஒரே வார்டில் சேர்ந்து பணியாற்றும் முறையை இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் மைக்கேல் டெவாஸும் ஆர். ஈ. இர்வினும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வளர்த்தெடுத்தனர். இங்கே அத்தகைய கூட்டுப் பணி இன்னும் பரவலாகவில்லை. அதனால் நேரும் இழப்புகளில் பெரியது, முறிந்த எலும்பு மாற்றப்பட்ட பிறகும் முறிவுக்குக் காரணமான எலும்புப்புரை நோய் கவனிக்கப்படாமல் விடப்படுவது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிந்தது என்றால், எலும்பு உள்ளூர அடர்த்தி இழந்து நொறுங்கத்தக்கதாகிவிட்டது என்றே பொருள். மறு இடுப்பும் முதுகெலும்பும் மணிக்கட்டும் அதே நிலையில்தான் இருக்கின்றன. இடுப்பு முறிவுக்கு அறுவை முடிந்து 90 நாள்களுக்குள் சோலெட்ரோனிக் அமிலம் என்னும் மருந்தை ஆண்டுக்கொரு முறை சிரை வழியே செலுத்தத் தொடங்கி 2007இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், புதிய முறிவுகள் குறைந்ததோடு, இறப்பும் 28 விழுக்காடு குறைந்திருந்தது. வைட்டமின் டியும் கால்சியமும் இதற்குத் துணை நிற்பவை. டிஸ்சார்ஜ் சீட்டில் காயத்துக்கும் வலிக்கும் உரிய மருந்துகளே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். எலும்பின் அடர்த்திக்கு என்ன சிகிச்சை, அது எப்போது தொடங்கும் என்ற கேள்வியை, வீடு திரும்பும் நாளிலேயே குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.